கிடைச்சுட்டாரே

சலவைக் கடைக்காரி படத்தைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பானது. "இவரா? இவருதான் கிடைச்சுட்டாரே," என்றாள்.

மருமகளுக்குக் காது அடைத்துக்கொண்டது. முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். மாமனார் காணாமல் போனதிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடச் சரியாக இறங்காமல் தெருத் தெருவாக அலைந்தவளுக்கு, யாரோ வாயைத் திறந்து கிடைத்துவிட்டார் என்று சொன்னால் கால் தரையிலா நிற்கும்? அப்படியே கணவனுக்குப் போன் போட்டாள். அவன் நகரத்தின் மறுகோடியில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். இல்லையே, யாரும் எதுவும் சொல்லவில்லையே என்றான். காவல் நிலையத்திலும் இப்போதுதான் கேட்டேன், ஒரு தகவலும் இல்லை என்றான். அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கடைக்காரியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்க தெரு குரூப்புல வந்துச்சுல்ல, அந்த லிங்க்கத் தொட்டுப் பார்த்தேன். பக்கம் இல்லைன்னு வந்துச்சு. சரி, ஆளு கிடைச்சதும் எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். மனசுக்கு அப்பாடான்னு இருந்துச்சு." அவள் கடை வாசலிலிருந்த பலகையைக் காட்டினாள். "அந்த லிங்க் வர்றதுக்கு முந்துன நாள் காலையில பூரா இங்கதான் உக்காந்திருந்தார்."

அந்தப் பலகை வெறும் பலகைதான். ஒரு கால் குட்டை, அதற்கு அட்டை மடித்து முட்டுக் கொடுத்திருந்தது. மருமகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கேட்டாராம், கொடுத்தாளாம். வெயில் ஏறியதும் எழுந்து போய்விட்டாராம். பேச்சில் ஒரு பிசிறு இல்லையாம். எப்படி இருக்கும்? மனிதர் பேசினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. விலைவாசியை அலசுவார், அரசாங்கத்தைக் கிழிப்பார், எதிரில் இருப்பவரின் பிள்ளைகளை விசாரிப்பார். வீட்டுக்குப் போகும் வழி மட்டும் அவருக்குள்ளிருந்து கழன்று விழுந்துவிட்டது என்பது வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பக்கத்தைச் செய்தது அவள்தான். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. ஓய்ந்த நேரத்தில் இணைய வகுப்பில் சேர்ந்து வலைத்தளம் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். கொழுந்தன் அவளுக்குக் 'கம்ப்யூட்டர் அண்ணி' என்று பட்டம் சூட்டி, அதை ஊரறியப் பரப்பிவிட்டிருந்தான். மாமனார் காணாமல் போனதும் முதலில் படத்தோடு தொலைபேசி எண்ணைப் போட்டுத்தான் எல்லோருக்கும் அனுப்பினார்கள். வந்த அழைப்புகள் இருக்கின்றனவே, மனிதப் பிறவிகளா அவர்கள். ஒருவன் சிரித்தான். ஒருவன், இடத்தைச் சொல்கிறேன், எனக்கு என்ன தருவாய் என்று பேரம் பேசினான். மாமியார் போன் மணி அடித்த ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து ஏமாந்து உட்கார்ந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மருமகள் சொன்னாள், எண்ணை எடுத்துவிடலாம், நான் ஒரு பக்கம் செய்கிறேன், பார்த்தவர்கள் எங்கே பார்த்தோம் என்று அதில் எழுதட்டும் என்று. வீடே அவள் சொன்னதைக் கேட்டது. அவள் சொல்லி வீடு கேட்ட முதல் விஷயம் அது. எண்ணை எடுத்தார்கள், பக்கத்தின் இணைப்பைப் போட்டார்கள். அதன்பிறகு ஒருவர்கூட எதுவும் எழுதவில்லை. யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அழுதாள்.

"உங்க போனக் கொஞ்சம் குடுங்கக்கா," என்று வாங்கி, அந்த இணைப்பைத் தொட்டாள்.

வெள்ளைத் திரை. நடுவில் நானூற்று நான்கு என்ற எண். அதன்கீழ், பக்கம் கிடைக்கவில்லை.

தன் போனை எடுத்தாள். வழக்கம்போலத் தளத்தின் முகப்புப் பக்கத்தைத் திறந்து, மாமனாரின் பெயரைத் தொட்டாள். பக்கம் வந்தது. படம் இருந்தது, எழுதும் கட்டம் இருந்தது. இதென்ன கூத்து. அதே போனில் குழுவுக்கு அனுப்பிய இணைப்பைத் தொட்டாள். பக்கம் கிடைக்கவில்லை.

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து இஸ்திரி மேசையின் ஓரத்தில் வைத்தாள். கடைக்காரி சட்டைகளை ஒதுக்கி இடம் விட்டாள். முகவரியைத் தப்பாக எழுதிவிட்டோமோ என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள், சரியாக இருந்தது. கோப்பு ஏறாமல் போயிற்றோ என்று பார்த்தாள், ஏறியிருந்தது. வீட்டில் இதே கணினியில் ஓட்டிப் பார்த்தபோது எப்படித் திறந்தாலும் திறந்ததே. வகுப்பில் கூடப் படிக்கும் தோழியை அழைத்து, சொல்லியும் சொல்லாமலும் விஷயத்தைக் கொட்டினாள். தோழி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். முகப்பு வழியாகப் போனால் வருகிறது, நேராகப் போனால் வரவில்லை, அப்படித்தானே?

அப்படித்தான். தோழி பொறுமையாக விளக்கினாள். நீ செய்திருப்பதில் உண்மையில் இருப்பது முகப்பு ஒன்றுதான். உள்ளே இருக்கும் பக்கங்களை எல்லாம் அந்த முகப்பு திறந்த பிறகு அதுவே உருவாக்கிக் காட்டுகிறது. முகப்பைத் திறக்காமல் நேராக உள்பக்கத்தைக் கேட்டால், அப்படி ஒன்றே என்னிடம் இல்லை என்று சர்வர் கையை விரித்துவிடும். உன் வீட்டுக் கணினி அதைத் தானாகவே சமாளித்துக்கொள்ளும், வெளியே இருக்கிற சர்வர் சமாளிக்காது. யார் எந்த முகவரியைக் கேட்டாலும் முகப்பைக் கொடு என்று அதற்கு ஒரு வரி எழுத வேண்டும். புதிதாகக் கற்கிற எல்லோரும் செய்கிற தவறுதான், விடு என்றாள்.

எல்லோரும் செய்கிற தவறாம். மருமகள் அந்த வரியை எழுதினாள். ஏற்றினாள். கடைக்காரியின் போனில் மறுபடி தொட்டாள். மாமனார் திரையில் வந்து நின்றார், சட்டைப் பையில் பேனாவோடு. ஒரே ஒரு வரி. அதை எழுதுவதற்குள் கடைக்காரி இரண்டாவது சட்டையைக்கூட மடித்து முடிக்கவில்லை.

கணவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா. சொன்னாள்.

"நீ ஒருதடவகூட அதத் தொட்டுப் பாக்கலையா?"

"ஏத்துனப்புறம் முகப்புலேர்ந்துதான் போய்ப் பாத்தேன். எல்லாத் தடவையும்."

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நானும் தொட்டுப் பாக்கல," என்றான் அவன். "எல்லாருக்கும் அனுப்புனேன். அதோட சரி." அங்கேயே இரு, வருகிறேன் என்று வைத்துவிட்டான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த இதயங்கள் உறைத்தன. எந்தக் குழுவில் போட்டாலும் அடியில் சிவப்பு இதயங்களும் கூப்பிய கைகளும் வந்து குவிந்திருந்தன. பாவம், ஆறுதல் சொல்கிறார்கள் என்று அவளும் ஒவ்வொருவருக்கும் நன்றி போட்டாள். ஐயோ. அவர்கள் ஆறுதல் சொல்லவே இல்லை. கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்திருக்கிறார்கள். அதற்கு அவள் நன்றி சொல்லி உறுதியும் செய்திருக்கிறாள். ஊரே சேர்ந்து தேடியது என்று அவள் நினைத்த நாட்களில் ஊர் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. குட்டைக்கால் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கும்போது, இந்தக் குவளையில்தான் அவருக்கும் கொடுத்திருப்பாளோ என்று தோன்றியதும் குடிக்க முடியவில்லை.

எல்லாக் குழுவிலும் எழுதினாள். மாமா இன்னும் கிடைக்கவில்லை, பக்கம் திறக்காதது என் பிழை, தயவுசெய்து மறுபடி தொட்டுப் பாருங்கள். இந்தத் தடவை தொலைபேசி எண்ணையும் சேர்த்தாள்.

கணவன் வந்து வண்டியை நிறுத்துவதற்குள் பக்கத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மருந்துக் கடைக்காரர் ஒருவர். பள்ளிக்கூடக் காவலாளி ஒருவர். பேருந்து நடத்துநர் ஒருவர், தன் பேருந்தில் ஆற்றங்கரைக் கடைசி நிறுத்தம்வரை வந்தார் என்று. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் அதே இணைப்பைத் தொட்டுவிட்டு, கிடைத்துவிட்டார் என்று விட்டிருக்கிறார்கள். கணவன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தான். சலவைக் கடையிலிருந்து மருந்துக் கடை, அங்கிருந்து பள்ளிக்கூடம், பேருந்து, கடைசியில் ஆற்றங்கரை. மனிதர் யாருக்கும் ஒளியவில்லை. எல்லோர் கண்முன்னாலும் பட்டப்பகலில் நடந்து போயிருக்கிறார்.

"ஆத்துப்பக்கம் ஏன் போனார்?" என்றான் கணவன். அவனுக்கே அது கேட்டிருக்காது, அவ்வளவு சன்னமாகச் சொன்னான். அவள் வண்டியில் அவன் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பாலத்து நெரிசலில் வண்டி நின்றபோது இன்னொன்று வந்தது. படகுத்துறையில் சீட்டுக் கொடுப்பவர் எழுதியிருந்தார், நேற்று மத்தியானம் நடந்தது என்று. கூட ஒரு படம் இருந்தது.

"இவரப் பாத்ததுமே சந்தேகம் வந்து, என் போன்ல அந்தப் பக்கத்தத் திறந்தேன். பக்கம் இல்லைன்னு வந்துச்சு. உங்களத் தேடுனாங்களேன்னு அவர்கிட்டயே காட்டுனேன். நல்லாப் படிச்சுப் பாத்தார். இல்லையே தம்பி, தேடியிருந்தா இதுல இருந்திருக்குமே, யாரும் தேடலன்னு சொல்லிட்டு அக்கரைக்கு ஒரு சீட்டு வாங்கிட்டார். என்கூட வேலை பாக்குறவர் அப்ப எடுத்த படம் இது. யாருக்கு அனுப்புறதுன்னு நேத்து தெரியல, அப்ப நம்பர் எதுவும் இல்ல."

கணவன் திரும்பி, என்ன என்று கேட்டான். போனை அவன் முன்னால் நீட்டினாள்.

படத்தில் மாமனார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, யாரோ நீட்டிய போனில் முகம் ஒட்டக் குனிந்திருந்தார். அந்த வெள்ளைத் திரையில் மூன்று பெரிய எண்கள் தெளிவாகத் தெரிந்தன. அவர் அடுத்த வரியை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் படகு நிறைந்திருந்தது, ஒருவன் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தான்.