கிளெய்ம், கல்யாணத்துக்கு அப்புறம்

குளிர்கிடங்குக்குள் சிக்னல் கிடைக்காது. மீன் பெட்டிகளை அடுக்கிவிட்டு வெளியே வந்து கையுறையைக் கழற்றிப் போனைப் பார்த்தால், சதீஷ்குமார் வரிசையாகக் கூப்பிட்டிருந்தான். திரும்பக் கூப்பிட்டேன்.

"மச்சான், பதறாதீக. யாருக்கும் ஒண்ணுமில்ல."

அப்படிச் சொன்னாலே பதறத்தான் செய்யும். சதீஷ்குமார் என் தாய்மாமன் மகன். நான் ஓமனில் இருப்பதால் ஊரில் என் காரை அவன்தான் ஓட்டுகிறான். தங்கச்சி அகல்யாவுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. எங்கள் வழக்கப்படி முதல் பத்திரிகை குலசாமிக்கு. அதை வைத்துவிட்டு அப்பா அம்மாவோடு திரும்பும்போது, கானாடுகாத்தானுக்குள் நுழைகிற வளைவில் ஆடு குறுக்கே ஓட, அவன் ஒடித்துத் திருப்பிப் பாலத்துக் கட்டையில் முட்டிவிட்டான்.

"முன்னாடி பம்பர், ஒரு லைட்டு, அம்புட்டுத்தான் மச்சான். ஆட்டுக்குக்கூட ஒண்ணும் ஆகல."

"ஆட்டை யாருடா கேட்டா?"

செக்காலை ரோட்டில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கிற சேசுராஜ் அண்ணனைக் கூப்பிட்டேன். பாலிசி என் பெயரில் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

"தம்பி, கிளெய்ம் இன்னைக்கே போட்டுருவோம். ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அத மட்டும் சொல்லுங்க. வண்டிய இழுத்துக்கிட்டு வந்து நம்ம ஒர்க் ஷாப்புல விட்டா சர்வேயர் வந்து பாத்துருவாரு. அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது, சொல்லிப்புட்டேன். உள்ள ரேடியேட்டர் ஒடஞ்சிருந்து, அப்படியே ஓட்டி இஞ்சின் போச்சுன்னு வைங்க, கம்பெனி சல்லிக் காசு தராது. நீங்களாக் கெடுத்ததும்பான்."

சரிண்ணே என்றேன். நம்பர் வருவதற்குள் அம்மா லைனில் வந்துவிட்டது.

"சேசுராஜ் இப்பத்தான் இங்க பேசுனாரு. அந்த நம்பரச் சொல்லிட்டியா?"

"இன்னும் வரலம்மா."

"வந்தாலும் சொல்லாத. கல்யாணம் முடியட்டும்."

"எதுக்கு?"

"எதுக்கா? சாமிக்குப் பத்திரிகை வச்சிட்டு வர்ற வழியிலயே இடிச்சிருக்கு. சம்பந்தகாரவுக காதுக்குப் போனா என்னன்னு நெனப்பாக? அந்த ஒர்க் ஷாப்புக்கு எதுத்தாப்புலதான் அவுக டயர் கடை. மாயக்கண்ணன் அண்ணன் நாள் பூரா ரோட்டப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்காரு. அவரு கண்ணுலயா கொண்டுபோய் நிறுத்தச் சொல்ற?"

மாயக்கண்ணன் மாப்பிள்ளைக்கு அப்பா. மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்றேன். இழுவை வண்டியில் கார் ஏறினால் ஊரே வேடிக்கை பார்க்கும் என்றது அம்மா. லேட்டாகச் சொன்னால் கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்றேன்.

"கம்பெனிக்காரனா வந்து அகல்யாவக் கட்டிக்கிறப் போறான்?"

அப்பா போனை வாங்கினார். "ஒங்கம்மா சொல்றத இந்த ஒரு தடவ கேட்டுருப்பா."

"எல்லாத் தடவையும் கேட்டுக்கிட்டுத்தானேப்பா இருக்கோம்."

"அதான் சொல்றேன். பழகுனதுதான."

நம்பர் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது செல்லாமல் போய்விட்டது.

அந்தக் கார் வீட்டாருக்குப் போகவர ஒரு வண்டி. எனக்கு அப்படியில்லை. டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. கானாடுகாத்தானில் செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக நடத்துகிற மேனேஜர், வெளிநாட்டுக்காரர்கள் வரும் சீசனுக்கு என் காரைச் சேர்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். வாடகை வண்டிக்கான மஞ்சள் போர்டு மாற்றிக்கொண்டு நானே ஓட்டுவதாக ஏற்பாடு. புதுப்பிக்க வேண்டாம் என்று இங்கே ஆபீசிலும் சொல்லிவிட்டேன். அதனால்தான் கல்யாணத்துக்கு லீவும் தரவில்லை. முடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போ என்றுவிட்டார்கள். கார் ஓடினால் நான் ஊரில் இருப்பேன். ஓடாவிட்டால் ஊரில் எனக்கு வேலை இல்லை.

சேசுராஜ் அண்ணன் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். கல்யாணம் முடியட்டும்ண்ணே என்றேன். "தள்ளிப்போடப் போட நமக்குத்தான் சிக்கல் தம்பி" என்றார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

காரை மாட்டுக்கொட்டகைக்குள் தள்ளி, மேலே பழைய சேலைகளைப் போர்த்தியிருந்தார்கள். வீடியோவில் காட்டச் சொன்னேன். அடியில் தரை நனைந்திருந்தது.

"என்னடா ஈரம்?"

"ஏசித் தண்ணி மச்சான்."

"நிக்கிற வண்டியில ஏதுடா ஏசித் தண்ணி?"

"அப்ப மாடா இருக்கும்" என்றான்.

ரேடியேட்டர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் அதைத் தொடக் கூடாது என்றேன். தொடவில்லை என்றார்கள். தொடவும் இல்லைதான், கல்யாணத்துக்கு முந்தின நாள் காலைவரை.

அன்று காலை மாயக்கண்ணன் மாமா அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கிறார். பெண் அழைப்புக்கு அவர்களே வண்டி பேசியிருந்தார்கள். "அத வேணாம்னுட்டேன்யா" என்றாராம். "பாவம், அண்ணன்காரன் தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியாமக் கெடக்கான். அவன் வாங்குன கார்லயாச்சும் புள்ள வரட்டுமே. அவனுக்கும் ஒரு மனசுதானய்யா."

அப்பா என்ன சொல்லியிருக்க முடியும்? கார் ரிப்பேர் என்றால் என்ன ரிப்பேர் என்பார். டயர் கடைக்காரர், ஆளையே அனுப்பிவிடுவார். சரி என்று சொல்லிவிட்டு எனக்குக் கூப்பிட்டார்.

"ஓட்டாதீக அப்பா. கெஞ்சிக் கேக்குறேன்."

"சதீஷு தண்ணி ஊத்தி வச்சிருக்கான்ப்பா. மண்டபம் இங்கருக்க நெற்குப்பைதான."

"ஊத்துறது பூரா கீழ ஒழுகுதே!"

"அவுக வாய்விட்டுக் கேட்டுட்டாக. ஒன்ன நெனச்சுத்தான் கேட்டுருக்காக" என்றது அம்மா.

சாயங்காலம் வீடியோவில் பார்த்தேன். உடைந்த முன்பக்கம் தெரியாதபடி சாமந்தியும் கோழிக்கொண்டையும் குவித்துக் கட்டியிருந்தார்கள். உடைந்த லைட்டு இருந்த இடத்தில் ஒரு பெரிய ரோஜாப்பூ வட்டம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அகல்யா பட்டுச்சேலையோடு கார் பக்கத்தில் நின்று, "அண்ணே, ஒன் கார்லதான் போறேன்" என்று கையை ஆட்டியது. நான் என்ன சொல்ல? எறங்கு என்றா?

போனை முன்னால் மாட்டி வைக்கச் சொல்லி சதீஷிடம் சொல்லியிருந்தேன். வெப்பமுள் தெரிந்தது. காரைக்குடி தாண்டும்வரை நடுவிலேயே நின்றது. குன்றக்குடி வரும் முன்னே ஏறத் தொடங்கியது.

"நிறுத்துடா. ஓரங்கட்டி ஆப் பண்ணு."

சதீஷ் பிரேக்கில் கால் வைத்திருக்கிறான். பின்சீட்டிலிருந்து அம்மா பதறியது. "யாத்தே, நிறுத்தாதப்பா! பொண்ணு ஏறுன வண்டி நடுவழியில நிக்கக் கூடாது. மண்டபத்துலதான் நிக்கணும்."

"அத்த, செவப்பு லைட்டு எரியுது."

"எரியட்டும். போ."

"டேய், என் பேச்சக் கேளுடா!" என்று கத்தினேன். கிடங்கு வாசலில் நின்ற பங்களாதேஷ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எனக்குப் பயப்படுவானா, பின்னால் உட்கார்ந்திருக்கிற அத்தைக்கா? கார் போனது. கொஞ்ச தூரத்தில் பூக்களுக்கு உள்ளிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. கடகடவென்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. அம்மா மட்டும் சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நடுவழியில்தான் நின்றது.

மாயக்கண்ணன் மாமா வேனோடு எதிரே வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டார். பூவை விலக்கிப் பார்த்துவிட்டு, எப்ப இடிச்சது என்று கேட்டிருக்கிறார். அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மனுசன் சிரித்தாராம்.

"இதுக்கா மறச்சீக? கார்னா ரோட்ல இடிக்கத்தான்யா செய்யும். சாமி என்ன டிராபிக் போலீசா? எங்கடைக்கு எதுத்தாப்புல ஒர்க் ஷாப்பு. சொல்லியிருந்தா நானே நின்னு முடிச்சுக் குடுத்திருப்பேனே."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அம்மா அதை ஒவ்வொரு போனிலும் சொன்னது.

மறுவீடு முடிந்ததும் சேசுராஜ் அண்ணனைக் கூப்பிட்டேன். நேற்று இடித்ததாகச் சொல்லச் சொல்லி அம்மா முன்பே படித்துப்படித்துச் சொல்லியிருந்தது. என்னால் முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"ஒடஞ்ச எடம் பூரா துருவேறிக் கெடக்கு தம்பி. பொய் சொல்லியிருந்தாலும் நிக்காது" என்றார். சர்வேயர் வந்து பார்த்தார். முன்பக்கத்துக்கு, தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்தால் யோசிப்பார்களாம். இஞ்சினுக்குக் கிடையாது. அதை நானே மாற்ற, கல்யாணச் செலவுக்குப் பிறகு கையில் பணமில்லை.

"காரணம் என்னன்னு எழுதண்ணே?"

"எதையாச்சும் எழுதுவோம். ஆனா ஒண்ணு, ஓடாத வண்டிக்குப் பம்பர் மாட்டி என்ன செய்யப் போறீக? போடவா, வேணாமா, நீங்களே சொல்லுங்க."

பிறகு கூப்பிடுகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை ஆபீசுக்குப் போனேன். ஒப்பந்தம் பார்க்கிற மலையாளி சாரிடம், இருந்துகொள்கிறேன் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ரெண்டு வருசம் போதுமா?"

பேனாவைக் கேட்டு வாங்கினேன்.