பட்டியைக் கழற்றியவள்

பழிவாங்குவதற்கென்று ஒரு முகவெட்டு வேண்டும். எனக்கு அது இல்லை. இறங்குதுறையில் ஒருவனைத் திட்டப் போனாலும், கடைசியில் அவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவேன். ஆனால் என் அக்கா சீலாவை மட்டும் விடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

என் மகள் அஞ்சலினா கைக்குழந்தையாக இருந்தபோது, மருத்துவமாது அவளுடைய தொடை மடிப்புகளைப் பார்த்து முகம் சுருக்கினார். இடப்பக்க மடிப்பு மேலே ஏறியிருந்தது. அந்தக் கால் முழுதாக விரியவுமில்லை. தொடை எலும்பின் பந்து இடுப்புக் குழிக்குள் சரியாக உட்காரவில்லை என்றது ஸ்கான். கால்களைத் தவளை போல மடக்கி விரித்து வைத்திருக்கும் ஒரு பட்டியைப் போட்டார்கள்.

"குளிக்க வார்க்கவும் கழட்டக்கூடாது, நாங்கள் சொல்லுமட்டும்" என்றார் டொக்டர்.

மனைவி தினுஷா பிரசவ லீவு முடிந்து பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகத் தொடங்கியதும், பகலில் பிள்ளையை அக்காதான் பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் காய்ச்சலோடு வேலையிலிருந்து திரும்பினேன். விறாந்தைக் கதிரைகளில் இறக்கக்கண்டியிலிருந்து வந்த சொந்தக்காரர். பட்டி அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில். பிள்ளையோ இரண்டு காலும் நேரே நீட்டி, துணியால் இறுக்கிச் சுற்றி, சுருட்டுப் போலக் கிடந்தாள்.

"பெட்டைப் பிள்ளையடா" என்றாள் அக்கா. "நாளைக்குக் கலியாணம் பேசேக்க, பெல்ட் போட்டு வளர்ந்தவள் எண்டு கதை வரும். ஆக்கள் வரேக்க மட்டும்தான் கழட்டினனான். கால் நேரா வளரட்டும் எண்டு சுத்தினனான்."

அக்காவிடம் ஆக்கள் வராத நாளே இல்லை. நாங்கள் வருமுன் திரும்ப மாட்டிவிடுவாளாம்.

அடுத்த ஸ்கானிலும் பந்து வெளியேதான் இருந்தது. கடைசியில் மயக்கம் கொடுத்து மூட்டை உள்ளே தள்ளி, மார்பிலிருந்து கணுக்கால்வரை பிளாஸ்டர் போட்டார்கள். மயக்கம் கொடுக்கக் கொண்டுபோகும்போது பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பழிவெறி ஏறியது.

"கிளினிக்குக்கு நீங்கள்தான் தூக்கி வரவேணும்" என்றேன் அக்காவிடம். "ஓட்டோ இல்லை, பஸ். ஆர் என்ன கேட்டாலும் நடந்ததை நீங்கள்தான் சொல்லவேணும்."

ஊர்க் கதைக்குப் பயந்தவளை ஊரின் வாய்க்குள்ளேயே போடுவது. இந்த யோசனை வந்த அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

முதல் பயணத்தில், லிங்கநகர்ச் சந்தியில் சோமசேகரம் மாஸ்டர் ஏறினார். "பிள்ளைக்கு என்ன, சீலா?"

"விழுந்திட்டா, மாஸ்டர்."

"எங்கயிருந்து விழுந்தவ அக்கா? சொல்லுங்கோவன்" என்றேன், பஸ் முழுக்கக் கேட்க. அக்கா ஜன்னலால் கடலைப் பார்த்தாள்.

அடுத்த முறை அவள் வேறொரு பொய்யோடு வந்தாள்: "தாயின்ர பக்கத்தால வந்த குறை." பழியை என் மனைவியின் தலையில் கட்டுகிறாள்! அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் மறிப்பதற்காக அன்று இருமி இருமியே எனக்குத் தொண்டை கட்டிப்போனது.

மூன்றாம் முறை, கிளினிக்கில் நாங்கள் காத்திருந்த வாங்கில் பக்கத்தில் இருந்தவள் பஸ்மியா என்றொரு இளம் தாய். மடியில் இறுக்கிச் சுற்றிய பச்சைக் குழந்தை.

"என்னக்கா இது, இவ்வளவு பெரிய கட்டு?"

நான் தொண்டையைச் செருமித் தயாரானேன். ஆனால் அக்காவின் கண் அந்தத் துணியில் நின்றது.

"காலை நீட்டியோ சுத்தினனீங்கள்?"

"ஓம் அக்கா, வளையாம இருக்க."

"அவிழுங்கோ."

"ஏன்?"

"அவிழுங்கோ எண்டுறன்! நானும் இப்பிடித்தான் சுத்தினனான். டொக்டர் போட்ட பட்டியைக் கழட்டி ஒளிச்சுப்போட்டுச் சுத்தினனான். ஆக்கள் கதைப்பினம் எண்டு. இந்தப் பிள்ளையை இப்பிடிக் கிடத்தினது நான்தான்."

வாங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பஸ்மியா அவசரமாகத் துணியை அவிழ்த்தாள். குழந்தை உடனே முழங்காலை மடக்கி, காலை அகட்டிக்கொண்டது.

"இடுப்பையும் பாக்கச் சொல்லி டொக்டரிட்டக் கேளுங்கோ" என்ற அக்கா, கண்ணைத் துடைக்காமலே என் பக்கம் திரும்பினாள். "போதுமோடா?"

"போதாது" என்றேன். உண்மையாகவே போதவில்லை. ஆனால் அவள் பிளாஸ்டரின் பாரத்தை மடியில் மாற்றி மாற்றி வைப்பதையும் பார்த்துத் தொலைத்துவிட்டேன். "தாங்கோ, கொஞ்சம் நான் வைச்சிருக்கிறன்."

"விடு. நான்தான் தூக்கவேணும் எண்டு சொன்னனீ."

பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். அக்கா அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனாள். பழிவாங்க வந்த நான், பால் சூப்பியும் துவாயும் வைத்த பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.