விண்கல் இரும்பு, சான்றிதழ் சகிதம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அக்கா இருபத்துநான்கு கொக்கிகளுக்குக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

சட்டை மாட்டுகிற கொக்கிகள் அல்ல. கிரேனின் கம்பிவடத்தில் தொங்கி, ஆளுக்கு ஐந்து டன் தூக்குகிற கொக்கிகள். வாங்குவது மேனேஜர், சோதிப்பது அக்கா, மாட்டுவது அக்காவின் தம்பி. கூடப்பிறந்த தம்பியும் அதே தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியதால், அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள். முதலாளிக்கு எழுபது வயது.

இந்தக் கிரேனுக்கு மேலே ஏறி உட்காரும் அறை கிடையாது. தம்பி பொத்தான்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தொங்குகிற சுமைக்குப் பக்கத்திலேயே நடப்பான். கொக்கி விட்டுக்கொடுத்தால் முதலில் தெரியவருவது அவனுக்குத்தான். தெரிந்த பிறகு சொல்வதற்கு இருப்பானா என்பதே கேள்வி.

சனிக்கிழமை அக்கா மூன்று கொக்கிகளை எடுத்துச் சோதனை இயந்திரத்தில் வைத்து ஊசியை அழுத்தினாள். எவ்வளவு பதிகிறதோ அவ்வளவு மென்மை என்று கணக்கு. மூன்றும் மென்மை. ஜன்னல் கம்பிக்குப் போதும், கிரேனுக்குப் போதாது. மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், மெஷினைச் சரிபார்க்கச் சொன்னார், எஃகு ஆலையின் சர்டிபிகேட் பளபளவென்று இருக்கும்போது ஊசியைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன் என்று கேட்டார், பேப்பரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடச் சொன்னார்.

அவள் பேப்பரைப் பார்த்தாள். அதுதான் வினை. உலையிலிருந்து ஒவ்வொரு முறை எஃகை ஊற்றும்போதும் அதற்கு ஓர் எண் கொடுப்பார்கள். ஓர் எண் ஒரு தடவைதான், மறுபடி வராது. கொக்கிகளின் சர்டிபிகேட்டில் இருந்த எண்ணை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள். பழைய கோப்புகளைப் புரட்டியபோது, போன வருடம் வந்த போல்ட்டுகளின் சர்டிபிகேட்டில் அதே எண் உட்கார்ந்திருந்தது. கண் மங்கிவிட்டதோ, தான்தான் கோப்பை மாற்றி வைத்துவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம். யாரிடமும் மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டுப் போனாள்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் உலகம்.

உலகம் மாடியில், பயிற்சி அறையில் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து ஊழியர் ஒற்றுமை பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது. மற்ற பிரிவுகள் கேரம்போர்டு வாங்கின. எங்கள் மேனேஜருக்கு அது சின்னப் புத்தியாகப் பட்டது. அவர் இருபது முகப் பகடைகளை வரவழைத்தார். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடந்து, பூதம் வந்தால் பகடை உருட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு. கதை சொல்பவர் யார் என்று வாக்கெடுப்பு நடக்கவில்லை. மேஜையில் தன்னை 'லோககர்த்தா' என்றுதான் அழைக்க வேண்டும் என்றார். வருவது அவரவர் விருப்பம் என்றும் சொன்னார். ஓவர்டைம் பார்ப்பதும் அவரவர் விருப்பம்தான்.

தம்பி ஒரு போர்வீரன். அக்கா வில்லாளி. ஸ்டோரில் இருக்கும் சீட்டு அண்ணன் மந்திரவாதி. துண்டுச்சீட்டு இல்லாமல் ஒரு திருகாணிகூடத் தரமாட்டார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மந்திரம் போடும்போதும் அப்படித்தான். எதிரி செத்துக்கொண்டிருந்தாலும், எத்தனை அடி தூரம், எந்த விதியின் கீழ் என்று விசாரித்துவிட்டுத்தான் கையைத் தூக்குவார்.

லோககர்த்தாவின் பெருமையெல்லாம் அவர் எழுதிய 'உலோக சாஸ்திரம்' என்ற நூலில் அடங்கியிருந்தது. அறுபத்திரண்டு பக்கம், சுருள்கம்பி கட்டு, அலுவலகப் பிரிண்டர், அலுவலகக் காகிதம். ஓநாய்மனிதனுக்கு வெள்ளி. சதுப்புநிலப் பேய்க்குச் செம்பு. வனதேவதைக்கு நெருப்பில் காட்டாமல் அடித்த இரும்பு. உலோகம் மாறினால் கீறல்கூட விழாது.

இதில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் முதல் வருடம் அக்கா நினைத்தாள். உலோகம் அவள் பிழைப்பு. எது எதற்கு ஆகும் என்று யோசிப்பது அவளுக்குப் பிடித்த வேலை. சதுப்புநிலத்தில் சுற்றியபோது, மீனவப் பெண்கள் எல்லோரும் காலில் செம்பு வளையம் போட்டிருக்கிறார்கள் என்று கதையில் ஒரு வரி போகிறபோக்கில் வந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் வீட்டுச் செம்புப் பானையை உருக்கி அம்புமுனை செய்தார்கள். பேய் செத்தது. அன்றைக்கு மாடியில் போட்ட கூச்சலில் காவலாளி ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனான். அப்படியென்றால் இந்த உலோக விதி இருந்துவிட்டுப் போகட்டும். கண்ணைத் திறந்து வைத்திருப்பவனுக்கு அது கூலி கொடுக்கிறது.

ஆனால் கர்த்தாவுக்கு, தான் போட்ட முடிச்சை இன்னொருவர் அவிழ்த்தது பிடிக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து துப்பு நின்றுபோனது. உலோகம் மட்டும் பெருகியது. எந்தப் பூதம் எதற்குச் சாகும் என்று தெரியாததால், தம்பியின் வீரன் ஒன்பது ஆயுதங்களை முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தான். இவன் போருக்குப் போகிறானா, பாத்திரக்கடை வைக்கப் போகிறானா என்று சீட்டு அண்ணன் கேட்டார். அடுத்த வாரமே எடைக்கு ஒரு விதி வந்தது. வீரன் ஓர் ஆற்றில் முங்கி, ஐந்து ஆயுதங்களை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு எழுந்தான். மிச்சம் நான்கு. அந்த நான்கில் எதற்கும் அசையாத பூதம்தான் அடுத்து வந்தது.

"இந்த மனுஷன் பூட்டு செய்றாரு. சாவி விக்கிறாரு. நாம சாவி வாங்கினதும் கதவையே மாத்திடறாரு," என்றார் சீட்டு அண்ணன், படியிறங்கும்போது, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு.

தம்பிக்கு மட்டும் கசக்கவில்லை. வாரம் ஆறு நாள் பொத்தான்பெட்டியோடு நடப்பவனுக்கு, ஏழாம் நாள் ஒரு குதிரையும் ஒரு பெயரும் இருந்தன. வீரனின் பெயரும் பலமும் எழுதிய விவரத்தாளை நெகிழியுறை போட்டு வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட அவன் உறை போடவில்லை.

அந்த ஞாயிறு, கோட்டைவாசல் பூதம். விண்கல்லிலிருந்து எடுத்த இரும்புக்கு மட்டுமே அது சாகும் என்பது ஐந்து மாத அலைச்சலில் தெரிந்தது. போன வாரம்தான் தம்பி ஒரு குள்ள வியாபாரியிடம் குதிரையைக் கொடுத்து விண்கல் கோடரி வாங்கினான். அந்த ஊரிலேயே மிச்சமிருந்த ஒரே விண்கல் கோடரி. வியாபாரி முத்திரை குத்திய ஓலை ஒன்றும் கொடுத்தான்.

தம்பி பகடையை உருட்டினான். இருபது விழுந்தது. அதற்கு மேல் அந்தப் பகடையில் எண் கிடையாது. சீட்டு அண்ணன் சீட்டுக் கேட்காமலே கை தட்டினார்.

லோககர்த்தா கண்ணை மூடித் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தமிழ் இஸ்திரி போட்டுக்கொண்டு வரும்.

"உன் கோடரி பூதத்தின் மார்பைத் தொட்டது, வீரனே. தொட்டதும் வளைந்தது. அது விண்கல் அன்று. சாதாரண இரும்பு."

பிறகு பூதம் வீரனைத் தூக்கி வாசலில் அடித்தது. அதை விவரிக்க அவருக்குக் கால்மணி நேரம் பிடித்தது. இந்த மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரம் செத்தால், அதற்குரியவர் விவரத்தாளைத் தன் கையாலேயே கிழிக்க வேண்டும். கர்த்தா ஏற்படுத்தியது. தம்பி உறையிலிருந்து தாளை உருவினான். அதைக் கிழிக்கும் முன், ஓலை இருந்ததே சார் என்று மட்டும் கேட்டான்.

அங்கேதான் அவருக்கு வாய் நிற்கவில்லை. நல்ல சமையல்காரனைப் பாராட்டினால் செய்முறையைச் சொல்லிவிடுவான் அல்லவா, அந்த மாதிரி. குள்ளன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று விளக்கத் தொடங்கினார். ஓலை பொய்யில்லையாம். அசல் ஓலை, அசல் முத்திரை. ஆனால் போன வருடம் வேறு ஒருவனுக்கு விற்ற உண்மையான கத்திக்குரிய ஓலை. உலைக்களத்துக்காரன் குத்திய எண்ணைக்கூட மாற்றவில்லையாம். யார் எண்ணைப் படிக்கிறார்கள்? பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள்.

"விற்றவன் தந்த ஓலையை நம்பி ஆயுதம் தூக்கியவன், தன் சாவுக்குத் தானே பொறுப்பு," என்று முடித்தார்.

அக்கா கையிலிருந்த பகடையை மேஜையில் வைத்தாள். அவளுக்குக் காது சுட்டது.

"அந்தக் குள்ளனுக்கு இதை யார் சார் சொல்லிக்கொடுத்தது?"

கர்த்தா சிரித்தார். கற்பனை என்றார்.

"பழைய சரக்கோட சர்டிபிகேட். எண்ணைக்கூட மாத்தல. கொக்கிக்கு வந்த பேப்பரும் அப்படித்தான் சார் இருக்கு. நேத்து சாயங்காலம்தான் பார்த்தேன். நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க எப்படி சொன்னீங்க?"

லோககர்த்தா போய், மேஜைக்கு அந்தப் பக்கம் வெறும் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலைந்துவிட்டது.

"ஏம்மா, இது விளையாட்டு. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கிறியே. கதையிலதான் எந்த உலோகம்னு பார்க்கணும். நெஜத்துல கொக்கின்னா கொக்கி. அஞ்சு டன்னுன்னு எழுதியிருந்தா, யாரு தினமும் அஞ்சு டன் தூக்கறாங்க?"

நானாக இருந்தால் இந்த வாக்கியத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். இல்லாத பூதத்துக்கு எந்த இரும்பு என்று அறுபத்திரண்டு பக்கம் எழுதியவர், இருக்கிற மனிதனின் தலைக்கு மேல் எந்த இரும்பு என்பதற்கு ஒரு வரி வைத்திருக்கவில்லை.

அக்கா எழுந்துவிட்டாள். வெளியே, படிக்கட்டில், தம்பி கிழித்த தாளின் இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது. அப்பாடா, இவனுக்காவது உறைத்ததே என்று அவள் நினைத்தாள்.

"இருபது விழுந்துச்சுக்கா," என்றான் அவன். "இருபது விழுந்தும் வளையும்னா அப்புறம் எதுக்குப் பகடை?"

அவளுக்கு மேனேஜர்மேல் வந்ததைவிட அதிகக் கோபம் இவன்மேல் வந்தது.

"டேய், நாளைக்கு உன் தலைக்கு மேல தொங்கப் போறது அந்தக் கோடரி இல்லடா. அந்த வீரன் செத்தா நீ இன்னொரு தாள்ல பேர் எழுதிக்கலாம். உன் பேரை நான் எந்தத் தாள்ல எழுதறது?"

தம்பி தாளின் இரண்டு பாதியையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் இறங்கினான்.

திங்கட்கிழமை ஏழரைக்கே அக்கா சோதனை அறையைத் திறந்தாள். ஊசியை நம்பவில்லை என்றால் இழுவை இயந்திரம் இருக்கிறது. அதற்கு எண் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எழுதியிருப்பதைப்போல இரண்டு மடங்கு, பத்து டன் வரை இழுத்து விட்டாலும் நல்ல கொக்கி பழைய அளவுக்குத் திரும்பும். இருபத்துநான்கில் ஒன்றை மாட்டினாள். சீட்டு அண்ணன் ஸ்டோரைப் பூட்டிவிட்டு வந்து சாட்சியாக நின்றார். தம்பியும் நின்றான்.

நாலு டன்னில் ஒன்றும் இல்லை. ஐந்தில் கொக்கியின் வாய் லேசாகத் திறந்தது. ஆறரையில், கொட்டாவி விடுகிறவனைப் போல, சத்தமே இல்லாமல் முழுக்கத் திறந்துகொண்டது. தம்பி ஓரடி பின்னால் போனான். போன வாரம் பழைய கொக்கியில் அவன் தூக்கி இறக்கிய இயந்திர அடிப்பீடம் முழுசாக ஐந்து டன்.

அக்கா இன்னும் இரண்டை மாட்டி இழுத்தாள். இரண்டும் அப்படியே. அளவுகளை எழுதி, இரண்டு சர்டிபிகேட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பிரதி எடுத்து, முதலாளியின் அறைக்கு ஒன்று, தலைமை அலுவலகத்துக்கு ஒன்று அனுப்பினாள். ஸ்டோருக்கும் ஒன்று. சீட்டு அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்காமல் வந்த சீட்டைக் கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு அவள் சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்தாள். சிவப்பு பூசிய பொருளை அந்தத் தொழிற்சாலையில் யாரும் எதிலும் மாட்டக்கூடாது. மாட்டச் சொல்ல முதலாளிக்கும் அதிகாரமில்லை.

பத்து மணிக்கு மேனேஜர் வந்தபோது பதினாறு முடிந்திருந்தது.

முதலில் அதட்டினார். மொத்த சரக்கையும் பாழாக்குகிறாய் என்றார். உன்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவேன் என்றார். தூரிகை ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் குரலை இறக்கி, மூன்று வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்கள் நாம் என்றார். தம்பியைப் பார்த்து, அந்த வீரனை உயிரோடு கொண்டுவர ஒரு வழி இருக்கிறது, அடுத்த ஞாயிறு பேசலாம் என்றார்.

தம்பி பதினேழாவது கொக்கியைத் தூக்கி அக்காவின் முன்னால் வைத்தான்.

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா நிமிரவில்லை.

"காலை எடுங்க சார்," என்றாள். "பெயின்ட் படும்."