பாதியில் தங்கிய வரிகள்

உமாராணி மேலகரத்தில் இருந்தாள். அவள் கணவன் பாண்டிராஜ் ராணுவத்தில், லடாக் பக்கம். வீட்டு வேலைகளை இருவரும் ஒரே செயலியில் குறித்து வைப்பார்கள். மோட்டாருக்கு ஆள் சொல்லணும் என்று அவன் அங்கே எழுதினால் இங்கே அவளுடைய லேப்டாப்பில் வந்து நிற்கும்.

அந்தப் பட்டியல் கிடக்கும் ஃபோல்டரில் கொஞ்ச நாளாக என்னென்னவோ ஃபைல்கள் சேர்ந்தன. எல்லாவற்றின் பெயர் வாலிலும் 'டெம்ப்' என்று இருந்தது. வைரஸோ என்று பயந்தாள். அழித்தால் பட்டியலும் சேர்ந்து போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

ஆனிச் சாரலில் தங்கை மஞ்சுவோடு ஐந்தருவிக்குப் போனாள். குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்கையில் நினைவு வந்து, 'கேஸ் புக் பண்ணணும்' என்று போனில் அதே செயலியில் எழுதினாள். மலையிலிருந்து மேகம் இறங்கி மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சிக்னலும் போயிற்று.

சாயங்காலம் ஃபோல்டரில் புதிதாக ஒரு டெம்ப் ஃபைல் இருந்தது. அவள் ஐந்தருவியில் நின்ற நேரம் அதில் பதிந்திருந்தது. திறந்தால் உள்ளே கேஸ் வரி. மெல்ல அவளுக்குப் பிடிபட்டது. செயலி எதையும் முதலில் ஒரு தற்காலிக ஃபைலில்தான் எழுதுகிறது. எழுதி முடித்தபிறகே அதைப் பட்டியலின் இடத்தில் வைக்கிறது. நடுவில் இணைப்பு அறுந்தால் அந்தத் தற்காலிக ஃபைல் அப்படியே தங்கிவிடுகிறது.

அப்படியானால் மற்றவையெல்லாம் அவனுடையவை. ஒன்றைத் திறந்தாள். புரியாத குறிகளுக்கு நடுவே ஒரு வரி: 'உமாட்ட கேக்கணும், சாரல் விழுந்துட்டா?' அசல் பட்டியலில் அது இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மேகம் மூடி மலை தெரியவில்லை. அந்த வெண்மைக்குள் எங்கோ அவன் போனை உயர்த்திப் பிடித்துச் சிக்னல் தேடுவதுபோல் இருந்தது. அப்போது அவன் அழைப்பு வந்தது.

"சாரல் விழுந்துட்டுங்க," என்றாள்.

"கேக்கணும்னு நெனச்சேன். ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

"நீங்க எழுதினது பாதியில நிக்கி. ஒண்ணு ரெண்டு இல்ல, அம்புட்டு கெடக்கு."

அவன் சிரித்தான். "இங்க எழுதுததுக்குள்ள சிக்னல் போயிருது. ஒரு காப்பி எடுத்து வச்சிட்டு அழிச்சிரு. பட்டியலுக்கு ஒண்ணும் ஆவாது."

"அழிக்கேன். ஒவ்வொண்ணா படிச்சிட்டு."

படித்து முடிக்க இருட்டிவிட்டது. விட்டுப்போன வேலைகளைப் பட்டியலில் சேர்த்தாள். காப்பி எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்தாள். பட்டியல் அசையவில்லை.

மறுநாள் காலை ஃபோல்டரில் ஒன்று புதிதாகக் கிடந்தது. விடிகாலை நேரம் பதிந்திருந்தது. எழுந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.