அறுபத்து மூன்று கற்கள்

இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஸ்டோக் பெரினைப் பெரிய கிராமம் என்று சொல்லுங்கள், நகரம் என்று மட்டும் என் காதுபடச் சொல்லாதீர்கள். ஐயாயிரம் பேர் இருக்கிறோம், இரண்டு பப் இருக்கிறது, மீன் வறுவல் கடை இருக்கிறது. இருந்தும் மூன்று முறை ஓட்டெடுத்து, நகரமாக மாட்டோம் என்று அடம்பிடித்தவர்கள் நாங்கள். சனிக்கிழமைதோறும் பத்தரை மணிக்கு, வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே நடப்பது என் வேலை. சம்பளம் கிடையாது. யாரும் கேட்கவுமில்லை, நானே இழுத்துப் போட்டுக்கொண்டது.

நடை தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் முடியும். அங்கே சொல்ல வழக்கமான கதை ஒன்று வைத்திருந்தேன். 1974இல் மாவட்டத்திலேயே அழகான கிராமம் என்ற கோப்பையை நாங்கள் வாங்கிய கதை. கல்லறைக் கற்கள் நடுவில் நின்றால் புல்வெட்டும் எந்திரத்தை ஓட்ட முடியாது. நானும் என் பழைய கூட்டாளி சிரிலும் இரண்டே நாளில் அறுபத்து மூன்று கற்களைப் பிடுங்கி, மதில் ஓரமாக வரிசையாகச் சாத்தினோம். வியாழக்கிழமை நடுவர்கள் வந்தார்கள், புல்லைப் பார்த்தார்கள், கோப்பையைக் கொடுத்தார்கள். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமையும் சிரித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிரில் வழக்கம்போல வாயைக் கொடுத்தான். "கப்பு வாங்கினதைச் சொன்னியே, முதுகு புடிச்சு மூணு வாரம் நான் குப்புறக் கிடந்ததைச் சொன்னியாடா?"

ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. எழுபது வயதை நெருங்கியவர், துணிப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். மற்றவர்கள் கலைந்ததும் என்னிடம் வந்தார்.

"நீங்கதானே மிஸ்டர் ஹெப்டிச்? நான் கிலியன். மியூரியல் டாப்போட பொண்ணு."

என் பார்வை தானாகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனது.

"அம்மா போன நவம்பர்ல தவறிட்டாங்க. தொண்ணூத்தாறு வயசு. எங்க அண்ணன் காலின் பக்கத்துல தன்னோட சாம்பலைப் புதைக்கணும்னு ஒரே ஆசை. மூணு மணிக்கு இந்தச் சர்ச்சோட ஆயரம்மா வர்றாங்க. இடம் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்க. நீங்களும் வரணும்."

வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்வது.

காலின் நான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்தில் போனவன். அவனைப் புதைத்த கையோடு மியூரியலும் கணவரும் நியூசிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் கழித்து, 1976இல் மியூரியல் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் புல்வெளி. மகனுடைய கல் மதிலோரம் ஏதோ ஒரு கிழவியின் கல்லுக்கும் ஒரு ரொட்டிக்காரரின் கல்லுக்கும் நடுவில் சாய்ந்திருக்கிறது. "என் புள்ள எங்கே இருக்கான்?" என்று என்னைத்தான் கேட்டார்.

எந்தக் கல் எங்கே நின்றது என்று வரைந்து வைப்பது என் பொறுப்பு. நடுவர்கள் வந்து போகட்டும், அப்புறம் வரையலாம் என்று தள்ளிப்போட்டேன். கோப்பை வந்தது, குடித்தோம், மறந்தேன். அவ்வளவுதான். திருட்டில்லை, கொலையில்லை, வெறும் சோம்பேறித்தனம். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஓரிடத்தைக் காட்டி, "தோ, அங்கதாம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு நாற்பது வருடம், ஒவ்வொரு ஏப்ரலும், தான் குடியேறியிருந்த பிரிஸ்டலிலிருந்து பஸ் பிடித்து வந்தார். ஜாம் பாட்டிலில் மஞ்சள் பிரிம்ரோஸ் பூவை வைப்பார். மடக்கு நாற்காலியைப் போட்டு, பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு, ஒரு மணி நேரம் அந்தப் புல்லோடு பேசுவார். கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு டப்பா பிஸ்கட் அனுப்புவார். வெட்கமில்லாமல் தின்றேன்.

மூன்று மணிக்கு முன்னால் சிரிலிடம் போனேன்.

"சொல்லிடட்டுமாடா?"

"எதுக்கு? ஒரு அடி குழி, ஒரு ஜெபம், முடிஞ்சுது வேலை. பேசாம வாயை மூடிக்கிட்டு நில்லு."

"அடியில வேற யாராவது இருந்தா?"

"இருந்தா பேச்சுத்துணை ஆச்சு."

எப்போதும் அவன் சொல்வதற்குச் சிரித்துவிடுவேன். அன்று சிரிப்பு வரவில்லை, அவனுக்கும் வரவில்லை.

ஆயரம்மா பிலிப்பா மண்வெட்டியோடு குழாயடியில் நின்றார். புல்லைச் சதுரமாகக் கீறி வைத்திருந்தார். "இங்கதானே லயனல்?" என்று என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். கடவுள் சாட்சியாக, ஆட்டினேன்.

கிலியன் பையிலிருந்து மரப்பெட்டியை எடுத்தார். "நான் பொறந்தது, பள்ளிக்கூடம் போனது, கல்யாணம் பண்ணினது, எல்லாத்தையும் அம்மா இங்க உக்காந்து அவன்கிட்ட சொல்வாங்களாம். வேற யார்கிட்டயும் அவங்க அவ்வளவு பேசினதில்ல."

மண்வெட்டி இறங்கப் போனது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

"காலின் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கும் தெரியாது. சும்மா கையைக் காட்டினேன்."

"வரைபடம் பத்திரமா இருக்குன்னு ஊர் வரலாற்றுப் புத்தகத்துல போட்டிருக்கே?" என்றார் ஆயரம்மா.

"புத்தகத்தை எழுதினதும் நான்தான்."

கிலியன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "அப்போ நாப்பது வருஷமா எங்கம்மா யார்கிட்ட பேசிட்டிருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மன்னிப்புக் கேட்டேன்.

"அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கல்லெல்லாம் எங்கேருந்து எங்க வரைக்கும் இருந்துச்சு, அதாவது தெரியுமா?"

"ரோட்டோர மதில்லேர்ந்து அந்தக் கேட் வரைக்கும்."

"புல்வெட்டுற எந்திரத்தை எப்படித் தள்ளுவீங்க? நீளவாக்குலயா, குறுக்கவா?"

"குறுக்க."

கிலியன் ரோட்டோர மதிலடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். ஆயரம்மா பதறிப்போய், "கிலியன், சாம்பலைத் தூவக் கூடாது, புதைக்கத்தான் அனுமதி" என்றார்.

"அப்போ நீங்க அந்தப் பக்கம் பாருங்க."

ஆயரம்மா மண்வெட்டியைச் சாத்திவிட்டு, தேவாலயத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கிலியன் நடக்கத் தொடங்கினார். அடிக்கு ஒரு சிட்டிகை. ஒரு வரிசை போய், திரும்பி, அதை ஒட்டி அடுத்த வரிசை. ஐம்பது வருடமாக நான் எந்திரத்தைத் தள்ளுகிற அதே வழி. எங்காவது ஓரிடத்தில் காலின் மேல் பட்டுவிடும் என்று எண்ணுகிறார் என்பது புரிந்தபோது, சிரில் இருந்த பெஞ்சில் போய் நானும் உட்கார்ந்தேன். சிரில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

குழாயைத் தாண்டினார். அங்கே மட்டும் அதிகமாகத் தூவவில்லை, குறைக்கவும் இல்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு வரிசை போனார். பிறகு நின்றார். பெட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

கேட் வரைக்கும் இன்னும் மூன்றில் ஒரு பங்குப் புல் மீதி இருந்தது.

என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்த மீதியில அவன் இருந்தா?"

எனக்குத் தெரியாது.