தரையில் படாமல்

ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பி அனுப்புகிற சலவைப் பட்டறை அது. மடிப்புக் கூடத்தில் எல்லாரும் இளம்பெண்கள். விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்துவந்து கையோடு கை சேர்த்து, மறுபடி பின்னால் போய், மறுபடி வந்து... பார்க்கிறவர்களுக்கு ஏதோ விளையாட்டு போலத் தெரியும். சாயங்காலம் அவரவர் தோள்பட்டையைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

கூடத்துக்கு மேற்பார்வை பார்க்க ஓர் ஆள். முதலாளியம்மாவின் கணவருக்குத் தம்பி முறை. முகத்துக்கு நேரே ‘சார்’. முதுகுக்குப் பின்னால் ‘ஈரத்துணி’. நெட்டை வைத்த பெயர் அது. நெட்டை என்றால் கூடத்திலேயே உயரமானவள். மேல் அலமாரி எட்டுகிற ஒரே கை அவளுடையது. “பக்கத்துல போனா ஒட்டிக்குது, உதறினாலும் விடமாட்டேங்குது” என்று அவள் விளக்கம் சொன்ன அன்று பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிக்காமல் என்ன செய்வது? கூடத்தின் கோடியில் ஸ்டோர் ரூம். சன்னல் கிடையாது. “ஸ்டாக் பாக்கணும், ஒரு ஆள் வா” என்று கூப்பிடுவான். இடுப்பில் பட்ட கைக்கு ‘இடம் நெருக்கடி’ என்று ஒரு காரணம் வைத்திருப்பான். முதுகில் வந்து சாய்ந்ததற்கு, ‘மேல இருக்கிறத எடுத்தேன்’ என்பான். போய்வந்தவள் அன்று முழுக்கப் பேசமாட்டாள்.

அப்புறம்தான் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருத்தியைக் கூப்பிட்டால் ஜோடியாகப் போவது. அதுவும் எப்படி? பாதி மடித்த விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடியே போவது. “நடுவுல விட்டா சுருங்கிடும் சார்.” அறைக்குள் போய் விறைப்பாக இழுத்துப் பிடித்தால், அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவர்கள், நடுவில் வெள்ளைவெளேரென்று ஒரு சுவர். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு “சரி சரி, போங்க” என்பான். வெளியே வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு நாள் இதைப் பார்த்த முதலாளியம்மாகூட, “நம்ம பொண்ணுங்களுக்கு வேலையில என்ன சிரத்தை” என்று பாராட்டிவிட்டுப் போனாள்.

வாயைத் திறந்து அவளிடம் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் விஷயம் வீட்டுக்குப் போகும். நெட்டையின் அண்ணன் தங்கமான பையன். “எவனாவது கைய வச்சான்னு தெரிஞ்சா, அவன் கைய ஒடிச்சுட்டு உன்னை வீட்டுல உக்கார வச்சிடுவேன்” என்று பாசமாகச் சொல்லி வைத்திருக்கிறான். கை ஒடிவது சந்தேகம். வீட்டில் உட்காருவது நிச்சயம். எல்லார் வீட்டிலும் ஓர் அண்ணனோ அப்பாவோ இதே பாட்டைத்தான் பாடினார்கள். பெண்களும் வாயை மூடிக்கொண்டு விரிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த நிலைமையில்தான் புதுசு வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வயது. வேலை கற்றுக்கொள்ளும் ஆசையை முகத்தில் எழுதி ஒட்டினாற்போல இருப்பாள். அவளை நெட்டைக்கு ஜோடியாகப் போட்டார்கள். முதல் தடவை இருவரும் விரிப்போடு ஸ்டோருக்குப் போய்வந்ததும் அவள் கேட்டாள்: “ஏன்க்கா, கீழ வச்சுட்டுப் போகக்கூடாதா?”

எப்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் பாட்டுக்காரி பக்கத்து மேசையிலிருந்து, “தரையில பட்டா அழுக்காயிடும்ல கண்ணு!” என்று கண்ணைச் சிமிட்டினாள். கூடமே சிரித்தது. புதுசும் சிரித்தாள். புரிந்துகொண்டாள் என்று நெட்டை நினைத்துக்கொண்டாள். அந்தக் குழந்தையோ, எல்லாரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தது.

சில நாள் கழித்து, விரிப்பை உருட்டித் தேய்க்கும் ரோலர் இஸ்திரியில் ஒரு விரிப்பு சிக்கிக்கொண்டது. விட்டால் கருகிவிடும். நெட்டை இயந்திரத்துக்குள் பாதி உடம்பை நுழைத்து இழுத்துக்கொண்டிருந்தபோது கோடியிலிருந்து குரல் வந்தது. “புதுப்பொண்ணு, ஸ்டாக்!”

“அக்கா, நீங்க அதைப் பாருங்க. நான் போய்ட்டு வந்துடறேன்.”

“துணி?” என்றாள் நெட்டை, தலையை வெளியே எடுக்காமல்.

“தரையில படாம மடிச்சுக் கையிலயே எடுத்துட்டுப் போறேன்க்கா.”

நெட்டை திரும்பிப் பார்த்தாள். புதுசு பெரிய விரிப்பைத் தனியாளாக, மோவாயில் முட்டுக்கொடுத்து, நாலாக எட்டாக மடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலையைச் செய்துவிட்ட பூரிப்பு. ஒரு நொடி நெட்டைக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. ரோலரிலிருந்து புகை கிளம்பியது.

“சரி, போ.”

அவ்வளவுதான் சொன்னாள்.

சிக்கலை எடுத்து ரோலரை மறுபடி ஓடவிட்டு நிமிர்ந்தபோது ஸ்டோர் கதவு சாத்தியிருந்தது. பகலில் அந்தக் கதவு சாத்தி யாரும் பார்த்ததில்லை. நெட்டை ஓடினாள். கை வைப்பதற்குள் கதவு திறந்தது. புதுசு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் அவன், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு.

“நல்ல பொண்ணு” என்றான் நெட்டையைப் பார்த்து. “சொன்னதக் கேக்குது. ஸ்டோருக்குன்னே ஒரு ஆள் வேணும்னு அண்ணிகிட்ட சொல்லியிருந்தேன். இதையே போட்டுடலாம். அண்ணி வந்ததும் கேட்டுட்டா நாளையிலேர்ந்து இங்கதான்.”

மேசைக்குத் திரும்பி இருவரும் எதிரெதிரே நின்று ஒரு விரிப்பை எடுத்தார்கள். முனைகள் சேரவே இல்லை. நெட்டை கிட்டே வந்து கையைக் கொடுத்தபோது புதுசு விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“என்னடி ஆச்சு?”

“அந்தத் துணி கசங்கிடுச்சுக்கா. திரும்ப இஸ்திரி போடணும்.”

“துணி கெடக்குது. உன்னைக் கேக்கறேன்.”

“கதவைச் சாத்தினார்க்கா.” அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கழுத்துப் பக்கம் சட்டையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமல் கேட்டாள்: “உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமாக்கா?”

நெட்டை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

டீ நேரத்தில் துவைக்கும் இயந்திரங்களின் பின்புறம் பெண்கள் கூடினார்கள். புதுசு வரவில்லை.

“தனியா எதுக்குப் போனா?” என்றாள் பாட்டுக்காரி. “நாமல்லாம் போறோமா?”

“வந்த நாள்லேர்ந்து சார் சார்னு பல்லைக் காட்டினா இப்படித்தான் ஆகும்” என்றாள் இன்னொருத்தி.

“கத்தியிருக்கலாம்ல? வாயில்லையா?”

“ரோலர் ஓடறப்ப கத்தினா உனக்குக் கேட்டிருக்குமாக்கும்?” என்று சீறினாள் நெட்டை. சீறினாளே தவிர, அந்தப் பேச்சு அவளுக்குப் புதிதில்லை. இதற்கு முன்னால் சுருட்டை முடிக்காரி ஒருத்தி வேலையை விட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போனாளே, அன்றைக்கு இதே இடத்தில் டம்ளரை ஆட்டிக்கொண்டு, ‘புத்தி இருக்கிறவ தப்பிச்சுப்பா’ என்று சொன்னது யார்? நெட்டையேதான்.

“நாம யாரும் அவகிட்ட சொல்லலடி” என்றாள். “விளையாட்டுக்குத் தரையில படக்கூடாதுன்னோம். அதை நம்பி மடிச்சு எடுத்துட்டுப் போயிருக்கா.”

நெட்டை ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தாள்.

“முதலாளியம்மாகிட்ட போலாம். எல்லாரும்.”

“உனக்கென்ன பைத்தியமா?” பாட்டுக்காரியின் முகம் வெளுத்துவிட்டது. “எனக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்காங்க. உன்னையும் தொட்டானான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல? அதுவும் கொழுந்தனை விட்டுக்குடுப்பாங்களா அவங்க? நமக்குத்தான் சீட்டுக் கிழியும்.”

“நாளைக்கு அவளை அந்த ரூம்ல போட்டுப் பூட்டப்போறான்.”

“வேலைய விட்டுட்டுப் போகச் சொல்லு.”

“அடுத்தது இன்னொரு புதுசு வருவா. அப்ப?”

வெளியே கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. முதலாளியம்மா வந்துவிட்டாள். ஈரத்துணி கூடத்தைக் கடந்து அவள் அறைக்குப் போவதை எல்லாரும் பார்த்தார்கள். நெட்டை டம்ளரை வைத்தாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்த்தால் கால் நின்றுவிடும் என்று பயந்து பார்க்காமலே நடந்தாள்.

“...கெட்டிக்காரப் பொண்ணு அண்ணி, ஸ்டோருக்கு நல்லா இருக்கும்” என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். முதலாளியம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நெட்டையைப் பார்த்தாள்.

“என்னம்மா, ரோலர் மறுபடி சிக்கிடுச்சா?”

“இல்லம்மா. அவளை ஸ்டோருக்கு அனுப்பாதீங்க.”

“ஏன்?”

“கதவைச் சாத்திட்டு அவகிட்ட தப்பா நடந்திருக்காரு.”

அவன் சிரித்தான். “பாத்தீங்களா அண்ணி? புதுசா ஒருத்தி முன்னுக்கு வந்தா பழசுக்குப் பொறுக்காது. ஏம்மா, என் பொண்ணு மாதிரி உங்களையெல்லாம் பாத்துக்கறேன். உன்கிட்ட நான் தப்பா நடந்திருக்கேனா? சொல்லு, அண்ணி முன்னாடியே சொல்லு.”

“நடந்தீங்க” என்றாள் நெட்டை. குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். “வந்த புதுசுல. அப்புறம் உங்களால முடியல. நாங்க விடல. அம்மா, நாங்க ஏன் ஜோடி ஜோடியா பெட்ஷீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஸ்டோருக்குப் போறோம்னு நினைச்சீங்க? சிரத்தைன்னு சொன்னீங்களே. இவருக்கும் எங்களுக்கும் நடுவுல ஏதாவது இருக்கணும்னு போனோம்.”

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினாள். கோபமா, குழப்பமா, முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. “ராத்திரிக்குள்ள ஹோட்டல் லாரி வந்து நிக்கும். அதுக்குள்ள நீ இப்படி ஒண்ணைக் கொண்டுவந்து வைக்கறே. நீ சொல்றதை மட்டும் வச்சு நான் எப்படி நம்பறது?” கொழுந்தனைப் பார்த்தாள், நெட்டையைப் பார்த்தாள். “அந்தப் பாடற பொண்ணைக் கூப்பிடு. அது பொய் சொல்லாது.”

பாட்டுக்காரி வந்தாள். கைகளைத் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்துத் தோலை உரித்துவிடுவாள் போலிருந்தது.

“சார் உங்ககிட்டல்லாம் ஒழுங்கா நடந்துக்கறாரா?”

பாட்டுக்காரி தரையைப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா.”

அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். “போதுமா அண்ணி?”

“சரி, நீ போ” என்றாள் முதலாளியம்மா.

பாட்டுக்காரி கதவு வரை போனாள். கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு, திரும்பாமலே, மெல்லிய குரலில் கேட்டாள்:

“அம்மா... சொன்னா வீட்டுக்குத் தெரியவிடமாட்டீங்கல்ல?”

முதலாளியம்மாவின் கை மேசைமேல் நின்றுவிட்டது. ஒன்றும் தெரியாதவளுக்கு வீட்டுக்குத் தெரியவிடாமல் காப்பதற்கு என்ன இருக்கிறது? அது அவளுக்கும் புரிந்தது, அவனுக்கும் புரிந்தது. அவன் சாய்ந்தவன் நிமிர்ந்தான்.

“அண்ணி, இதுங்க பேச்சை...”

“நீங்க வெளியில போங்க” என்றாள் முதலாளியம்மா.

“நான் சொல்றதக் கேளுங்க அண்ணி, அண்ணன்கிட்ட...”

“அவர்கிட்ட நான் பேசிக்கறேன். ஸ்டோர் சாவியை வச்சுட்டுப் போங்க. கூடத்துப் பக்கம் போகாதீங்க, நேரா வீட்டுக்கு.”

அவன் உடனே போய்விடவில்லை. நெட்டையை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையை அவள் எத்தனையோ நாள் கனவில் பார்க்கப்போகிறாள். சாவி மேசையில் விழுந்தது. அவன் போனதும் பாட்டுக்காரி சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

முதலாளியம்மா புதுசைக் கூப்பிட்டனுப்பினாள். அவள் வந்து வாசலிலேயே நின்றாள். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உக்காரும்மா” என்றாள் முதலாளியம்மா. “என்ன நடந்துச்சுன்னு நீ சொன்னாத்தான் நான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும். போலீசுக்குப் போகணும்னாலும் சரி. அவசரமில்ல. இந்த அக்கா உனக்காகத்தான் வந்து பேசினா.”

நெட்டை ஓரடி எடுத்து அவள் பக்கத்தில் போனாள். தோளில் கைவைக்கப் போனவள், வேண்டாம் என்று கையை மடக்கிக்கொண்டாள். “கூட நான் இருக்கேன்டி, பயப்படாதே.”

புதுசு அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் நன்றியும் இல்லை, அழுகையும் இல்லை.

“சொல்றேன்மா” என்றாள் முதலாளியம்மாவிடம். “எல்லாம் சொல்றேன். ஆனா இவங்க ரெண்டு பேரும் வெளியில இருக்கட்டும்.”

நெட்டை ஓரடி பின்னால் போனாள். பாட்டுக்காரியைக் கைத்தாங்கலாகத் தூக்கி வெளியே கூட்டிவந்தாள்.

கூடத்தில் எல்லா ரோலரும் நின்றிருந்தன. பெண்கள் அவரவர் மேசையருகே நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி, “என்னாச்சு?” என்று கிட்டே வரப் பார்த்தாள்.

“யாரும் வராதீங்க” என்றாள் நெட்டை. “அவ பேசிட்டிருக்கா.”

கதவுக்கு அந்தப் பக்கம் புதுசின் குரல் தொடங்கியது. முதலில் சன்னமாக, தடுக்கித் தடுக்கி, பிறகு நிற்காமல். நெட்டை அதைக் காதில் வாங்காமலிருக்க, கதவை விட்டுச் சற்றுத் தள்ளிப்போய், கூடத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டாள். குரல் ஓயும்வரை அங்கிருந்து அவள் நகரவில்லை.