எட்டு அடிப் படம்

கலியாணசுந்தரத்திடம் ஒரு நல்ல குணம் உண்டு. எதையும் ஒத்திப்போட மாட்டார். தம்பி தியாகு காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இருபத்திரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் அவன் சட்டைகளை யாருக்கோ கொடுத்தாயிற்று, சைக்கிளைப் பக்கத்துச் செமாபோக்கில் ஒருவர் தலையில் கட்டியாயிற்று. இன்றைக்கு சினிமா கேமராவின் முறை. ஜாலான் பெண்டஹாரா வீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மாணிக்கவாசகம் அதை வாங்கக் காலையிலேயே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

தியாகுவின் மனைவி கமலவேணி பின்னறையில் இருந்தாள். இருந்தாள் என்ன, வைத்திருந்தார்கள். நாற்பது நாள் கழியும்வரை அந்நிய ஆண் கண்ணில் அவள் படக்கூடாது, குரல்கூடக் கேட்கக்கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். காஜா பேராங் ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இரண்டாக மடித்து ஆணி அடித்திருந்தார் கலியாணசுந்தரம். செய்வதைத் திருந்தச் செய்கிற மனிதர். கதவுக்கடியில் ஒரு கோடு வெளிச்சம் தவிர, நடுப்பகலிலும் உள்ளே தன் கை தனக்குத் தெரியாது. வெளியாள் யாராவது வந்தால் கலியாணசுந்தரத்தின் மனைவி சாரதாம்பாள் கதவை வெளியே கொண்டி மாட்டிவிடுவாள். தெரியாமல் யாரும் திறந்துவிடக்கூடாதாம்.

அந்தக் கேமரா தியாகுவுக்கே இரண்டாம் கைதான். தாயகம் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கியது. கல்யாணம், கோயில் திருவிழா என்று எவர் கூப்பிட்டாலும் தூக்கிக்கொண்டு ஓடுவான். ஊரில் பாதிப் பேரைத் திரையில் நடக்கவிட்டவன் தன்னை மட்டும் ஓர் அடிகூட எடுத்துக்கொண்டதில்லை. மெர்டேக்கா சுதந்திர நாளன்று ஊர்வலத்தை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவனிடம், "ஊரையே புடிக்கிறீங்க, உங்கள யாரு புடிக்கிறது?" என்று கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள் கமலவேணி. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் கேட் வரைக்கும் நடந்தான், திரும்பி வந்தான், சிரித்தான். இருபது வினாடி, எட்டு அடிப் படம். அதோடு ஃபிலிம் சிக்கி, கேமராவை முடுக்கும் சாவி இறுகிவிட்டது. "ராவைக்கு இருட்டுல பிரிச்சுப் பாக்கலாம்" என்றான். ராத்திரி காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் அவன் இல்லை.

ஃபிலிம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மூடியைத் திறந்தால் வெளிச்சம் முதலில் தின்பது மேல் சுற்றைத்தான். கடைசியாக எடுத்தது எதுவோ அதுதான் மேல் சுற்று. கல்யாணப் போட்டோவில் விறைத்து நிற்கிறானே, அது யாரோ. அவன் அவனாக நடப்பது அந்த எட்டு அடியில் மட்டும்தான் இருக்கிறது. நேற்றே கமலவேணி இதைச் சாரதாம்பாளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "சரி சரி, மாமாகிட்ட சொல்றேன்" என்று அவளும் தலையாட்டியிருந்தாள்.

கூடத்தில் மாணிக்கவாசகத்தின் குரல் கேட்டது. "சாவி சுத்த மாட்டேங்குதே அண்ணே. ரோசாக்கா, கெட்டுப்போச்சா?"

"நல்ல சாமான் தம்பி. சும்மா கெடந்ததுல இறுகியிருக்கும். தொறந்து பாருங்க."

"உள்ள ஃபிலிம் ஏதும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. காலி."

கமலவேணி எழுந்து கதவருகே வந்தாள். சாரதாம்பாள் மறந்துபோனாளோ, சொல்லியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லையோ. கதவோடு வாயை வைத்து, "அக்கா, அக்கா" என்று மெல்லக் கூப்பிட்டாள். அடுப்படியில் கோப்பி கலக்கும் சத்தம்தான் வந்தது. கதவைத் தள்ளினாள், கொண்டி அசையவில்லை. கேமராவை மேசைமேல் வைத்தது கேட்டது. மூடிக்கு இரண்டு கொக்கி. முதல் கொக்கி கழன்ற சத்தம் அவளுக்குப் பழகின சத்தம்.

தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் கதவில் ஓங்கி அடித்தாள். "தொறக்காதீங்க! உள்ள படம் இருக்கு! என் வீட்டுக்காரரு உள்ள இருக்காரு!"

 சாரதாம்பாள் ஓடிவந்தாள். "அலாமா, கமலா! வாய மூடு. வெளியாளு இருக்காரு."

"அண்ணே, இவங்க சொல்றது நெசமா?" என்றார் மாணிக்கவாசகம்.

"பொம்பளைக்கு மிஷினப் பத்தி என்ன தெரியும்? நீங்க தொறங்க தம்பி."

"நான்தான் கடைசியா புடிச்சேன்!" வெளியே கேட்கக்கூடாத குரல் வீடு முழுக்கக் கேட்டது. "எட்டு அடி. மேல் சுத்து அதுதான். ஃபிலிம் சிக்கி நிக்குது, அதான் சாவி சுத்தல."

தொழில் தெரிந்தவருக்கு இது போதும். மாணிக்கவாசகம் முதல் கொக்கியைத் திரும்ப மாட்டினார். "இருட்டு ரூம்புலதான் தொறக்கணும்மா. வேணும்னா என் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோயி..."

"வேணாங்க. இருட்டு இங்கயே இருக்கு. இங்க குடுங்க."

 அந்த இருட்டு கலியாணசுந்தரம் ஆணி அடித்துச் செய்ததுதானே. மாணிக்கவாசகம் கேமராவை இரண்டு கையாலும் சாரதாம்பாளிடம் நீட்டினார். கொண்டி விலகி, கதவு ஒரு சாண் திறந்தது. வளையல் இல்லாத ஒரு கை மட்டும் வெளியே வந்து கேமராவை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. கதவு மூடியது. இருபத்திரண்டு நாளில் முதல் தடவையாக உள்தாழ்ப்பாள் விழுந்தது.

போர்வையைச் சுருட்டிக் கதவுக்கடியில் அடைத்தாள். அந்தக் கோடு வெளிச்சமும் போயிற்று. கட்டிலடியில் ஃபிலிம் டின்னும் கறுப்புத் தாளும் ஒட்டுநாடாவும் தியாகு வைத்த இடத்திலேயே இருந்தன. என்னவென்று தெரிந்திருந்தால் கலியாணசுந்தரம் அவற்றையும் தானம் செய்திருப்பார். தரையில் உட்கார்ந்து இரண்டு கொக்கியையும் கழற்றினாள். ஃபிலிம் வாடை முகத்தில் வந்தது. அவன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை. சிக்கின இடத்தை விரல் தேடிப் பிடித்தது. மெதுவாக விடுவித்தாள். ஓரத்து ஓட்டைகள் ஒவ்வொன்றாக விரல் நுனியில் ஓடின. நடக்கிறான், திரும்புகிறான், சிரிக்கிறான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஃபிலிம்மேல் சொட்டிவிடக்கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா பண்ற? அவரு காத்துக்கிட்டிருக்காரு, தொற!" கலியாணசுந்தரம் கதவைத் தட்டினார்.

"வெளிச்சம் படக்கூடாது மாமா. நான் சொல்றப்பதான் வருவேன்."

"ஆமாண்ணே, அவசரப்படுத்தாதீங்க. அந்த ஜன்னல் துணிகிட்டயும் யாரும் போயிராதீங்க" என்றார் மாணிக்கவாசகம். நாற்காலி இழுபட்டது, கோப்பி டம்ளர்கள் வந்தன. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

சுருளைக் கறுப்புத் தாளில் சுற்றி டின்னில் வைத்தாள். மூடியைச் சுற்றி நாடாவை இரண்டு தடவை ஒட்டினாள். காலிக் கேமராவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, டின்னை மடியில் போட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"முடிஞ்சிருச்சா கமலா?" என்று கேட்டாள் சாரதாம்பாள், கொஞ்ச நேரம் கழித்து, தணிந்த குரலில்.

"இன்னும் கொஞ்சம் ஆகும்க்கா" என்றாள் கமலவேணி.